பதினேழாம் நம்பர் வண்டிக்கு வந்த சத்தம்

எக்லா ஊர்தானெத்தாவுக்குக் கோபம் வந்துவிட்டதா என்று தெரிந்துகொள்ள அவள் மூக்கைப் பார்த்தால் போதும். கோபம் வந்தால் முதல் வேலையாக மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மடக்கிச் சட்டைப் பையில் போட்டுவிடுவாள். அதற்கப்புறம் எதிரே நிற்பவர் போலீஸ்காரரா, பாதிரியாரா, லைன் தலைவரா என்பதெல்லாம் மங்கலாகத்தான் தெரியும். முகம் தெரியாத ஆளிடம் மரியாதை பார்க்க வேண்டியதில்லை என்பது அவளுக்கு ஒரு வசதி. வாட்டர் பம்ப் மாற்றிய அந்தப் பத்து நாளில் கண்ணாடி மூக்கில் இருந்ததைவிடப் பையில் இருந்த நேரம்தான் அதிகம். அதனால் என்ன கெட்டது என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

எங்கள் மாரகைபோவில் ஷேர் டாக்சி ஓட்ட வண்டி மட்டும் இருந்தால் போதாது. லைனில், அதாவது அந்தத் தடத்து ஓட்டுநர் சங்கத்தில், ஒரு நம்பர் வேண்டும். எக்லாவின் நம்பர் பதினேழு. ஐம்பத்து நான்கு வயதுப் பெண்ணுக்கு அது எப்படிக் கிடைத்தது என்று புதிதாக வரும் ஓட்டுநர்கள் குசுகுசுப்பதுண்டு. சும்மா கிடைக்கவில்லை. பத்து வருஷம் ஆஸ்பத்திரியில் படுக்கைத் துணி வெளுத்தாள். எண்ணெய்க் கிணற்றில் வேலை இருக்கிறது என்று சொல்லி ஏரிப் பாலத்தைத் தாண்டிப் போன புருஷன், அந்தப் பாலத்தில் திரும்பி வரவும் வழி உண்டு என்பதை மறந்துபோனான். அப்புறம் பதினோரு வருஷம் அடுத்தவர் வண்டியில் மாற்று ஓட்டுநர். கடைசியில் லைன் கூட்டத்தில் நாற்பத்தொரு ஆம்பளைகள் உட்கார்ந்து, ஒரு பெண்ணுக்கு நம்பர் கொடுத்தால் லைனுக்கு ஆகுமா ஆகாதா என்று மூன்று மணி நேரம் பேசினார்கள். பேசி முடிகிறவரை அவள் வாசலிலேயே நின்றாள். கொடுத்த அன்றே வெள்ளைப் பெயிண்ட் வாங்கி, தன் பழைய மாலிபு வண்டியின் இரண்டு பக்கக் கதவிலும் பதினேழைத் தன் கையாலேயே எழுதினாள். ஏழு கொஞ்சம் கோணல். அழித்துவிட்டு ஆள் வைத்து எழுது என்று சொன்னவர்களிடம் கண்ணாடியைக் கழற்றினாள். ஒன்பது வருஷமாக அந்தக் கோணல் ஏழு அப்படியே இருக்கிறது.

அந்த நம்பருக்குத்தான் ஆபத்து வந்தது. அதுவும் ஒரு வாட்டர் பம்ப்பால் வந்தது.

திங்கட்கிழமை பழைய பம்ப் ஒழுக ஆரம்பித்தது. எங்கள் ஊர் வெயிலில் பம்ப் இல்லாமல் ஒரு வண்டி நாலு தெரு தாண்டாது. நேராக நெரியோவிடம் விட்டாள். நெரியோ தன் வீட்டு வாசலிலேயே தகரம் போட்டு ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறவன், நாற்பது வயது, ஒன்பது வருஷமாக மாலிபுவுக்கு அவன்தான் வைத்தியர். பழைய பம்ப்பைக் கழற்றிக் கையில் வைத்து ஆட்டிக் காட்டினான்.

"பேரிங்குன்னு ஒண்ணு இதுல இல்லவே இல்லக்கா. சினித்தா மாதா புண்ணியத்துல ஓடியிருக்கு."

சாயங்காலத்துக்குள் புதுப் பம்ப் ஏறிவிட்டது. செவ்வாய்க்கிழமை காலை முதல் நடையிலேயே சத்தம் ஆரம்பித்தது. தொக், தொக், தொக். ஈரப் பலகையில் கட்டையால் தட்டுவது போல. வண்டி நின்றால் மெதுவாகத் தட்டும், ஆக்சிலேட்டரை மிதித்தால் அவசரமாகத் தட்டும்.

முன் சீட்டில் நெலிட்சா டீச்சர் இருந்தாள். ரிட்டயராகிப் பல வருஷமாகியும் தினமும் அதே நேரத்துக்கு மார்க்கெட்டுக்குப் போகிறவள். "ஏம்மா எக்லா, உள்ள யாரோ கதவத் தட்டுறாங்க. எழுந்து போய்த் திறந்து விடேன்" என்றாள்.

பின் சீட்டில் இருந்த ஒருவன் விடவில்லை. "பம்ப் மாத்துன மெக்கானிக்க உள்ள வச்சே மூடிட்டாங்க டீச்சர். பாவம், வெளிய வரணும்னு தட்டுறான்."

வண்டியே சிரித்தது. எக்லாவுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

அன்று மாலையே நெரியோவின் தகரத்துக்குக் கீழே கொண்டு போய் நிறுத்தி, கைப்பையைச் சுவரில் மாட்டிவிட்டு, முன்னால் பூட்டைத் திறந்து சங்கிலியை உருவிக் கீழே போட்டு, பானெட்டைத் தூக்கினாள். நெரியோ இன்ஜினை ஓடவிட்டு, நீளமான ஸ்குரூ டிரைவரின் கைப்பிடியைக் காதில் வைத்து, முனையைப் பம்ப் மேல் வைத்துக் கேட்டான். பிறகு டைனமோ மேல். பிறகு இன்ஜின் முகத்தில் எங்கெங்கோ. டாக்டர்கூட ஒரு நோயாளியை அத்தனை இடத்தில் தொட்டுப் பார்க்க மாட்டார். சத்தம் இல்லை.

"பட்டு மாதிரி ஓடுதுக்கா."

"அப்போ நான் பொய் சொல்றேனா?"

"நான் அப்படிச் சொல்லலையே."

"வாய் சொல்லல. மூஞ்சி சொல்லுது."

பானெட்டை இறக்கி, சங்கிலியை மாட்டி, பூட்டிவிட்டுத் தெருமுனை திரும்பினாள். தொக், தொக், தொக். பல்லைக் கடித்துக்கொண்டு திரும்பி வந்தாள். பானெட்டைத் திறந்தார்கள். சத்தம் இல்லை. மூன்று தடவை இப்படிப் போய் வந்தாள். மூன்றாவது தடவை நெரியோவின் மனைவி ஒரு டம்ளர் எலுமிச்சைச் சாறு கொண்டு வந்து கொடுத்து, "உக்காருங்கக்கா, வெயில்ல காதடைச்சிருக்கும்" என்றாள். அந்த டம்ளர் அவள் கையில் எப்படி உடையாமல் இருந்தது என்று எனக்குத் தெரியாது.

மறுநாள் புதன்கிழமை ஸ்டாண்டில் டைம் கீப்பர் எர்மாகொராஸ் வண்டிக்குக் குறுக்கே கையை நீட்டினார். எந்த வண்டி எப்போது கிளம்ப வேண்டும் என்று நோட்டில் எழுதுகிற வேலைதான் அவருக்கு. ஆனால் நடை ஏதோ மாகாண கவர்னர் நடை.

"பயணிங்க பயப்படுறாங்க எக்லா. இந்தச் சத்தத்தோட ஸ்டாண்டுல ஆள் ஏத்தக் கூடாது. சரி பண்ணிட்டு வா. ரூல் தெரியும்ல? எட்டு நாள் ஆள் ஏத்தலன்னா நம்பர் போயிரும். அடுத்த வியாழன், மத்தியானம் பன்னெண்டு மணி."

எக்லா கண்ணாடியைக் கழற்றினாள்.

"எர்மாகொராஸ் அண்ணே, ஒன்பதாம் நம்பர் வண்டியில காலுக்குக் கீழ ரோடு தெரியுது. மழை பெஞ்சா பின்சீட்டுல உக்காந்தவங்க கால் கழுவிக்கலாம். முப்பதாம் நம்பர் போடுற புகையில நாலு பேர் இருமாம இறங்குறதில்ல. அவங்களுக்கெல்லாம் ரூல் இல்ல. எனக்கு ஒரு தொக்கு தொக்குன்னு கேட்டா ரூலா?"

"அதுல சத்தம் இல்லையே" என்றார் அவர்.

அவருடைய மருமகன் வண்டி ஒன்று மூன்று மாதமாகக் கழுவித் துடைத்து, நம்பருக்காக ஸ்டாண்டுக்கு எதிர்ப்புறம் நிற்கிறது. அது அங்கே நிற்பது ஊருக்கே தெரியும். அதைப் பற்றி யாரும் வாய் திறக்காததுதான் எக்லாவுக்கு இன்னும் எரிச்சல்.

ஆக நிலைமை இது. மெக்கானிக்கைக் கேட்டால் சத்தமே இல்லை. டைம் கீப்பரைக் கேட்டால் சத்தம் தாங்கவில்லை. இரண்டு பேருக்கும் நடுவில் அவள் நம்பர். இல்லாத சத்தத்தை யார் சரி செய்வார்கள்? இருக்கிற சத்தத்தை யாரிடம் காட்டுவது?

அன்றைக்கே நெரியோ பானெட்டுக்குள்ளும் பாட்டரி மேலும் கறுப்புத் தூள் படிந்திருப்பதைக் கண்டுபிடித்தான். "பெல்ட்டு தேயுதுக்கா. அதான்" என்று காசு வாங்காமல் புதுப் பெல்ட் போட்டான். எக்லா தூளைத் துடைத்துவிட்டுப் போனாள். சத்தம் அப்படியே. இரண்டு நாளில் தூள் மறுபடி வந்தது.

வெள்ளிக்கிழமை மார்க்கெட்டுக்குப் பின்னால் டைனமோ பார்க்கிற எடிக்சனிடம் போனாள். அவன் பெல்ட் மேல் தண்ணீரை ஊற்றினான். சத்தம் இல்லை. பெல்ட்டையே கழற்றிவிட்டு ஒரு நிமிஷம் ஓட்டினான். சத்தம் இல்லை. மறுபடி மாட்டி ஓட்டினான். அப்போதும் இல்லை. "குணமாயிருச்சு!" என்று கையைத் துடைத்தான். நோயே பார்க்காத வைத்தியன் குணமாகிவிட்டது என்று சொன்னால் எப்படி இருக்கும்? பூட்டிக்கொண்டு கிளம்பினாள். மீன் கடை தாண்டுவதற்குள் தட்ட ஆரம்பித்தது.

சனிக்கிழமை ஏசி போட்ட ஒரு பெரிய ஒர்க்‌ஷாப். வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் பானெட்டைத் திறந்து வைத்துக் கால் மணி நேரம் பார்த்துவிட்டு, ஒரு தாளில் அழகான கையெழுத்தில் எழுதிக் கொடுத்தார். 'சத்தம்: கேட்கவில்லை. காரணம்: வண்டியின் வயது.' கேட்காத சத்தத்துக்குக் காரணம் மட்டும் எப்படித் தெரிந்தது என்று எக்லா கேட்டாள். "அம்மா, வித்துருங்க" என்றார் அவர். அவள் அந்தத் தாளை நாலாகக் கிழித்து, அவர் மேஜை மேலேயே வைத்துவிட்டு வந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போனாள். என்ன வேண்டிக்கொண்டாள் என்பது அவளுக்கும் மாதாவுக்கும் தெரியும். முகத்தைப் பார்த்தால் வேண்டுதல் மாதிரி இல்லை, புகார் மாதிரிதான் இருந்தது.

திங்கட்கிழமை அவள் செய்தது நியாயமில்லை. அதைச் சொல்லாமல் விட்டால் கதை பாதிதான். நெரியோ வீட்டுத் தெருவில் வண்டியை நடுரோட்டில் நிறுத்தினாள். தகரத்துக்குக் கீழே இரண்டு வண்டிகள் வேலைக்குக் காத்திருந்தன, அவற்றின் சொந்தக்காரர்கள் நிழலில் உட்கார்ந்து எண்ணெயில் பொரித்த பாஸ்தெலித்தோ தின்றுகொண்டிருந்தார்கள்.

"கேட்டுக்கங்கப்பா எல்லாரும்! இவன் எனக்குப் பழைய பம்ப்புக்குப் பெயிண்ட் அடிச்சு மாட்டி விட்டிருக்கான்! ஒன்பது வருஷப் பழக்கத்துக்கு இவன் செஞ்ச மரியாதை இது!"

ஆஸ்பத்திரி வெளுப்பறையில் இயந்திரச் சத்தத்தைத் தாண்டிப் பேசிப் பழகிய குரல். மூன்றாவது தெருவரை கேட்டது. பாஸ்தெலித்தோ தின்றவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கொஞ்ச நேரத்தில், ஏதோ மறந்துவிட்டது போல, இரண்டு வண்டியும் ஒன்றன்பின் ஒன்றாகக் கிளம்பிப் போய்விட்டன.  அடுத்த நாள் நெரியோவின் தகரத்துக்குக் கீழே நிழல் மட்டும்தான் இருந்தது.

புதன்கிழமை காலை அவனே அவள் வீட்டுக்கு வந்தான். சவரம்கூடச் செய்திருக்கவில்லை.

"அக்கா, திட்டுறதுன்னா அப்புறம் திட்டுங்க. இப்ப என்னைப் பக்கத்துல உக்கார வச்சு ஒரு ரவுண்டு ஓட்டுங்க."

ஓட்டினாள். முதல் சிக்னலிலேயே அவன் முகம் மாறியது.

"ஐயோ, ஆமாக்கா. கேக்குது!"

ஒன்பது நாளாக அந்த ஒரு வார்த்தையைக் கேட்கத்தான் அவள் காத்திருந்தாள். கண் கலங்கிவிட்டது. ஆனால் உடனே கோபமும் வந்துவிட்டதால் அழ நேரமில்லை.

"இப்பத் தெரியுதா? இப்பவாவது தெரியுதா?"

ஓரமாக நிறுத்தி, பூட்டைத் திறந்து, சங்கிலியை உருவி, பானெட்டைத் தூக்கினார்கள். இன்ஜின் பட்டு மாதிரி ஓடியது. நெரியோ நெற்றியிலும் மார்பிலும் சிலுவை போட்டுக்கொண்டான். பிறகு நாள் முழுக்க ஒர்க்‌ஷாப்பில் போராடினான். பானெட் அதிர்கிறதோ என்று ஓரமெல்லாம் ரப்பர் ஒட்டினான், பம்ப்பின் போல்ட் ஒவ்வொன்றையும் இறுக்கினான், ரேடியேட்டரில் காற்று அடைத்திருக்கிறதோ என்று தண்ணீரை இறக்கி ஏற்றினான். ஒவ்வொரு தடவையும் பானெட்டை இறக்கி, சங்கிலி மாட்டிப் பூட்டி, ஓட்டிப் பார்த்தார்கள். ஒவ்வொரு தடவையும் தட்டியது.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும், மற்ற ஊர்க்காரர்களுக்காக. எங்கள் ஊரில் பானெட்டை இறக்கினால் சங்கிலி மாட்டுவது, சட்டை போட்டால் பொத்தான் போடுவது மாதிரி. கை தானாகச் செய்யும். பாட்டரித் திருடர்கள் அந்த அளவுக்குப் பழக்கிவிட்டார்கள். எக்லாவுக்கு முதல் பாட்டரி போனது கோயில் வாசலில், பட்டப்பகலில், பூசை நடக்கும்போது. இரண்டாவது போனது லைன் ஸ்டாண்டிலேயே, எர்மாகொராஸின் மேஜையிலிருந்து இருபது அடியில். "நான் நோட்டைப் பாத்துக்கிட்டிருந்தேன்" என்றார் அவர். அதற்கப்புறம்தான் பாட்டரிக்கு இரும்புக் கூண்டு அடித்து, அதில் கோத்த ஒரு சங்கிலியின் இரண்டு முனையையும் ரேடியேட்டருக்கு மேலாகக் கொண்டுவந்து, பானெட்டில் போட்ட ஓட்டை வழியாக வெளியே எடுத்து முன்கிரில்லோடு சேர்த்துப் பூட்டினாள். ஒரே சங்கிலி, பாட்டரிக்கும் பானெட்டுக்கும் காவல். பெயிண்ட் உரசாமல் இருக்க, சைக்கிள் டியூபை வெட்டி அந்தச் சங்கிலிக்கு உறை மாதிரித் தைத்தும் போட்டாள்.

வியாழக்கிழமை. கடைசி நாள். காலை ஏழு மணியிலிருந்து நெரியோவின் தகரத்துக்குக் கீழே. பதினொன்றரை மணிக்கு அவன் ஸ்பேனரைக் கீழே வைத்தான். பானெட்டை இறக்கிவிட்டு, அவளை நேராகப் பார்க்காமல் சொன்னான்.

"எனக்குத் தெரியலக்கா. சத்தியமா எனக்குத் தெரியல."

சங்கிலியை மாட்டக் குனிந்திருந்த எக்லா நிமிர்ந்தாள். கண்ணாடி பைக்குள் போனது.

"தெரியலையா? நாற்பத்தொரு ஆம்பளைங்க மூணு மணி நேரம் பேசிக் கொடுத்த நம்பருடா அது! இன்னும் அரை மணி நேரத்துல ஒரு மருமகப் பய அதக் கதவுல எழுதிக்கப் போறான். உனக்குத் தெரியலையாம்! எவனுக்கும் தெரியலையாம்! இந்தப் பாட்டரிய எடுத்துக்கட்டும், வண்டியையும் எடுத்துக்கட்டும், எடுத்துட்டுப் போகட்டும் எல்லாத்தையும்!"

கையிலிருந்த சங்கிலியை முழுக்க உருவி, பூட்டோடு சேர்த்து அவன் காலடியில் வீசினாள். சுவரில் மாட்டியிருந்த கைப்பையைப் பிடுங்கிக்கொண்டாள். வண்டியில் ஏறிக் கதவை அறைந்து சாத்திவிட்டுப் போய்விட்டாள்.

முதல் இரண்டு தெரு அவள் திட்டிக்கொண்டே ஓட்டினாள். லைனை, ரூலை, வெள்ளைச் சட்டைக்காரரை, பாலம் தாண்டிப் போனவனை. சிக்னலில் சிவப்பு விழுந்தபோது மூச்சு வாங்குவதற்காக வாயை மூடினாள். அப்போதுதான் தெரிந்தது, அவளைத் தவிர வேறு எதுவும் சத்தம் போடவில்லை.

ஆக்சிலேட்டரை மிதித்தாள். இன்ஜின் உறுமியது, அவ்வளவுதான். விட்டு மறுபடி மிதித்தாள். பக்கத்து வண்டிக்காரன் எட்டிப் பார்த்து, "என்னம்மா, ரேஸுக்குப் போறியா?" என்றான். பானெட் மூடித்தான் இருந்தது. மூடியே இருந்தும் தட்டவில்லை. என்ன மாறியது என்று யோசித்தாள். அவள் மாட்டாமல் விட்டது ஒன்றே ஒன்றுதான்.

பச்சை விழுந்தது. பின்னால் ஹாரன் அடித்தார்கள். யோசிக்கிற நேரமில்லை, மணி பன்னிரண்டுக்குப் பதினெட்டு நிமிஷம்.

ஸ்டாண்டில் நுழைந்தபோது மருமகனின் வண்டி எதிர்ப்புறத்திலிருந்து இந்தப்புறம் வந்து நின்றிருந்தது. எர்மாகொராஸ் வெளியே வந்தார். மாலிபுவை ஒரு சுற்று சுற்றினார். காதைச் சாய்த்தார். "ரேஸ் பண்ணு" என்றார். பண்ணினாள். "இன்னும்." பண்ணினாள். மற்ற ஓட்டுநர்கள் கூடிவிட்டார்கள். நெலிட்சா டீச்சரும் இன்னும் நாலு பேரும் வரிசையில் நின்றார்கள்.

"தட்டுறவன் வெளிய வந்துட்டான் போல" என்றாள் டீச்சர்.

எர்மாகொராஸின் முகம் சுருங்கியது. "சரி. ஆபீசுக்குள்ள வந்து நோட்டுல கையெழுத்துப் போடு. அப்புறம் ஆள் ஏத்தலாம்."

ஆபீஸ் முற்றத்தைத் தாண்டி உள்ளே. எக்லா இரண்டு அடி வைத்தவள் நின்றாள். திரும்பி வண்டியைப் பார்த்தாள். பூட்டில்லை, சங்கிலியில்லை. இதே இடத்தில்தான் இரண்டாவது பாட்டரி போனது. பாட்டரி போனால் வண்டி நகராது, ஆள் ஏற்ற முடியாது, மணி பன்னிரண்டு அடித்துவிடும். அப்படியே திரும்பி வந்து, சீட்டில் கிடந்த துண்டை எடுத்துக் கொதிக்கிற பானெட் மேல் விரித்து, அதன் மேல் ஏறி உட்கார்ந்தாள்.

"நோட்ட இங்க கொண்டு வாங்கண்ணே."

"என்ன விளையாட்டு இது? கையெழுத்து ஆபீஸ்லதான் போடணும். ரூல்."

"நான் எழுந்தா பாட்டரி போயிரும்."

"இங்கயா? நான் இருக்கிற எடத்துலயா?" என்று நெஞ்சில் கை வைத்தார் எர்மாகொராஸ்.

எக்லா கூடியிருந்த ஓட்டுநர்களைப் பார்த்துக் கத்தாமல் கேட்டாள். எங்கள் ஊரில் அது மழை பெய்கிற மாதிரி அபூர்வம். 

"இந்த ஸ்டாண்டுல பாட்டரி பறிகொடுத்தவங்க கையத் தூக்குங்கப்பா."

முதலில் முப்பதாம் நம்பர் தூக்கினான். அப்புறம் நாலு. அப்புறம் இருபத்திரண்டு. தரை இல்லாத ஒன்பதாம் நம்பர்க்காரன் இரண்டு கையையும் தூக்கி, "எனக்கு ரெண்டு தடவை" என்றான். கொஞ்ச நேரத்தில் கை தூக்காமல் நின்றவர் டைம் கீப்பர் மட்டும்தான். மருமகன்கூட யோசிக்காமல் தூக்கிவிட்டு, மாமாவின் முகத்தைப் பார்த்து மெதுவாக இறக்கினான்.

"ஒன்பது நாளா பாத்த மெக்கானிக்கெல்லாம் என் காது சரியில்லன்னாங்க" என்றாள் எக்லா. "என் காதுக்கு ஒண்ணும் ஆகல. இத்தன பேர் பாட்டரி போகுறப்ப இருபது அடியில உக்காந்து ஒண்ணுமே கேக்காத காது யாரோடது? ரூல் பேசுறீங்களே, அதுக்கு ஒரு ரூல் போட்டீங்களா?"

 ஒன்பதாம் நம்பர்க்காரன் மெல்ல முற்றத்தைத் தாண்டி உள்ளே போனான். நோட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு வந்தான். "டேய், நோட்டத் தொடாத!" என்று எர்மாகொராஸ் பின்னாலேயே வந்தார். அதற்குள் நோட்டு பானெட் மேல் திறந்து கிடந்தது. கையெழுத்துப் போட எக்லா கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டாள். பதினேழுக்கு நேராகப் பேர் எழுதினாள். ஆபீஸ் கடிகாரத்தில் பன்னிரண்டுக்கு ஐந்து நிமிஷம்.

அந்த நேரத்தில்தான் நெரியோ ஓடி வந்தான். தோளில் அந்தச் சங்கிலி, கையில் வளையம் மாதிரி ஒரு பெரிய கறுப்பு பிளாஸ்டிக் சாமான். மூச்சு இரைக்க நின்று, சங்கிலியை அவள் மடியில் போட்டான்.

"அக்கா, இதப் பாருங்க. டியூப் உறையப் பாருங்க."

கண்ணாடி மூக்கில் இருந்ததால் இந்தத் தடவை தெரிந்தது. அவள் கையால் தைத்த ரப்பர் உறை ஓரிடத்தில் ஒரு விரல் நீளத்துக்கு அறுந்து, உள்ளே சங்கிலி பளபளவென்று தேய்ந்திருந்தது. பாட்டரி மேல் படிந்த கறுப்புத் தூள் பெல்ட்டிலிருந்து வந்ததில்லை.

"பானெட்ட மூடிப் பூட்டுனதும் சங்கிலி உள்பக்கமாத் தொங்கி விசிறியில இடிச்சிருக்கு. தொறக்கணும்னா சங்கிலிய உருவணும்ல? அதான் தொறந்தா சத்தம் இல்ல. ரப்பர்ல பட்டதால இரும்புச் சத்தமாவும் கேக்கல."

"அஞ்சு வருஷமா இதே சங்கிலிதானேடா போட்டிருந்தேன்? அப்ப ஏன் இடிக்கல?"

நெரியோ கையிலிருந்த பிளாஸ்டிக் வளையத்தை முதுகுக்குப் பின்னால் கொண்டு போகப் பார்த்தான். அத்தனை பெரிய சாமானை மறைக்க அவன் முதுகு போதவில்லை.

"விசிறியச் சுத்தி இருக்கிற கூடுக்கா இது. சங்கிலி இது மேலதான் படுத்திருக்கும். பம்ப் மாத்தக் கழட்டுனப்ப மாட்டுற காது ஒண்ணு உடஞ்சுருச்சு. நம்ம ஊர்ல பாதி வண்டி கூடு இல்லாமதான் ஓடுது, இது எதுக்குன்னு மாட்டாம விட்டுட்டேன்."

எக்லா அந்தக் கூட்டை உற்றுப் பார்த்தாள். உடைந்த காதுக்குப் பக்கத்தில், சுவரிலிருந்து கூட்டோடு பிடுங்கி வந்த ஓர் ஆணி. அவளுக்கு அந்த ஆணி நன்றாகத் தெரியும். ஒவ்வொரு நாளும் நெரியோவின் சுவரில் கைப்பையை மாட்டியது அதில்தான்.

கண்ணாடியைக் கழற்றக் கை போனது. போன கை பாதியில் நின்றது. திங்கட்கிழமை தகரத்துக்குக் கீழிருந்து கிளம்பிப் போன இரண்டு வண்டிகளும் ஞாபகத்துக்கு வந்திருக்க வேண்டும். பானெட் மேலேயே எழுந்து நின்றாள். தகடு உள்வாங்கிப் படாரென்றது. அன்றைக்கு நடுரோட்டில் நின்று கத்திய அதே குரல், ஒரு துளியும் குறையாமல் வந்தது.

"கேட்டுக்கங்கப்பா எல்லாரும்! நெரியோ போட்டது புதுப் பம்ப்! நல்ல பம்ப்! நான் சொன்னது பொய்! சத்தம் போட்டது என் சங்கிலி! உங்க வண்டியில எது கெட்டாலும் இவன்கிட்ட கொண்டு போங்க!" மூச்சு வாங்கினாள். "ஆனா கழட்டுனதையெல்லாம் திருப்பி மாட்டுறானான்னு பக்கத்துலயே நின்னு பாத்துக்கங்க!"

ஓட்டுநர்கள் கை தட்டினார்கள். நெரியோவுக்குத் தலையை நிமிர்த்துவதா குனிவதா என்று தெரியவில்லை.

"எங்களையும் கொஞ்சம் பாரும்மா, வெந்துபோறோம்" என்றாள் நெலிட்சா டீச்சர்.

ஐந்து பேர் ஏறினார்கள். பாட்டரிக்குக் காவலாக நெரியோவும் கூட்டை மடியில் வைத்துக்கொண்டு முன்சீட்டில் நெருக்கி உட்கார்ந்தான். எர்மாகொராஸ் நோட்டில் நேரம் எழுதினார். மருமகனின் வண்டி எதிர்ப்புறத்துக்கே திரும்பிப் போனது. ஸ்டாண்டைத் தாண்டியதும் எக்லா ஆரம்பித்தாள். "ஒரு காது உடஞ்சா ஒரு கம்பி வச்சுக் கட்டத் தெரியாதாடா உனக்கு?" "சங்கிலிய ஒரு முழம் நீளமா யாருக்கா போடச் சொன்னா?" "எனக்கு அளவு சொல்லித் தர வந்துட்டியா?" மார்க்கெட் வரை இரண்டு பேரும் நிறுத்தவில்லை. டீச்சர் இறங்கும்போது ஜன்னல் வழியாகக் குனிந்து, முன்னால் இருந்த சத்தமே தேவலை என்று சொல்லிவிட்டுப் போனாள்.